வேற கடை பாருங்க

என் கல்யாணத்துக்கு ஒன்பது லட்சம் பேர் வரப்போகிறார்கள் என்ற செய்தியை முதலில் என்னிடம் கொண்டுவந்தவள் நஸ்ரின். அப்போது நான் வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தேன். கையெல்லாம் கறை.

"உக்காரும்மா. யாருக்குக் கல்யாணம்?" என்றேன்.

"உங்களுக்குத்தான்க்கா. தை பொறந்ததும்."

எனக்கு நாற்பத்தேழு வயது. கல்யாணம் ஆகாததற்குப் பெரிய கதை எதுவும் கிடையாது. பெண் பார்க்க வந்தவர்களிடம் எல்லாம் முடியாது என்றேன். ஒரு கட்டத்தில் அவர்கள் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். அவ்வளவுதான். அதனால் நஸ்ரின் சொன்னதைக் கேட்டுப் பதறவில்லை. வாழைப்பூவில் நரம்பு எடுப்பதைத் தொடர்ந்தேன்.

நான் யார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பெயர் சுகந்தி. டப்பிங் கலைஞர். இப்படிச் சொன்னால் எந்த நடிகைக்குப் பேசினீர்கள் என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். எந்த நடிகைக்கும் இல்லை. நான் கூட்டம். சந்தை, திருவிழா, கலவரம், சாவு வீடு எது வந்தாலும் பின்னால் சலசலவென்று ஒரு சத்தம் கேட்கிறதே, அதில் என் பங்கும் உண்டு. இருபத்து நான்கு வருடமாகச் சாலிகிராமத்தில் இதுதான் பிழைப்பு.

கூட்டத்துக்கு யாரும் வசனம் எழுதித் தர மாட்டார்கள். எதையாவது பேச வேண்டும், வாயை மூடக் கூடாது. விதி இரண்டே இரண்டு. ஒன்று, யார் பெயரையும் சொல்லக் கூடாது. இரண்டு, கதை எந்தக் காலத்தில் நடக்கிறதோ அதைத் தாண்டக் கூடாது. இரண்டாவது விதியில் நான் அடிக்கடி மாட்டிக்கொள்வேன். "ராஜா காலத்துல ஏதும்மா கேஸ் சிலிண்டர்?" என்று ஒருங்கிணைப்பாளர் தலையில் கை வைத்துக்கொள்வார். என்ன செய்வது, வாய் ஓய்வில்லாமல் பேசினால் வீட்டு விஷயம்தான் வரும்.

நஸ்ரின் வேலை பார்ப்பது 'அலைநாடு' என்ற விளையாட்டை நடத்தும் கம்பெனியில். ஆன்லைனில் லட்சக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் உள்ளே போய், ஆளுக்கொரு வேஷம் கட்டி, கப்பலில் போவதும் சண்டை போடுவதுமாக இருப்பார்களே, அந்த மாதிரி. ஏழு வருடத்துக்கு முன்னால் அதில் வரும் சங்குத்துறை என்ற ஊரின் சந்தைக்காக எங்கள் கூட்டம் இருபது நாள் பேசிக் கொடுத்தது. அத்தோடு நான் அதை மறந்துவிட்டேன்.

"குரல் சட்டம் தெரியும்லக்கா?" என்றாள் நஸ்ரின்.

"அதாலதானேம்மா நாங்க சோறு திங்கறோம்."

குரலை எந்திரம் உண்டாக்கக் கூடாது என்பது சட்டம். ஒரு சொல் காதில் விழ வேண்டுமென்றால் அதை ஒரு மனிதர் தன் தொண்டையால் சொல்லி, கையெழுத்தும் போட்டிருக்க வேண்டும். அது வந்த பிறகு பஸ் ஸ்டாண்டு அறிவிப்புக்குக்கூட ஆள் வைத்துவிட்டார்கள்.

"எங்க பாடுதான் திண்டாட்டம்," என்றாள் அவள். "வாராவாரம் புதுக் கதை குடுக்கணும். கதையப் பண்றது ஒரு மெஷின். கதைப்பொறின்னு சொல்வோம். கடல் வேணுமா, கோட்டை வேணுமா, ஒரு நிமிஷத்துல பண்ணிடும். ஆனா ஒரே ஒரு 'ம்' அதால உண்டாக்க முடியாது. குரல் பெட்டியில என்ன இருக்கோ அத வெச்சுத்தான் மேல கதை ஓடும்."

"இல்லன்னா?"

"படைத்தலைவருக்குப் பேசினவர் மஸ்கட்ல ஓட்டல் வெச்சுட்டாரு. அவர் விட்டுட்டுப் போனதுல இன்னும் யூஸ் பண்ணாதது வெறும் முனகல்தான். அதனால படைத்தலைவர் நாலு வருஷமா மயக்கத்துல இருக்காரு. ராணியம்மா குரல்ல மிச்சம் இருக்கறது பூரா கோவ வசனம். அதனால நாட்டுல எப்பப் பாத்தாலும் போர்."

நான் சிரித்துவிட்டேன். ஒரு நாட்டின் போரும் அமைதியும் யாருடைய கால்ஷீட்டிலோ தொங்குகிறது என்று நினைத்தபோது சிரிப்பு அடங்கவில்லை. நஸ்ரினும் சிரித்தாள்.

"பெரிய ஆளுங்க குரல் எல்லாம் தீந்துபோச்சுக்கா. அப்புறம்தான் பொறி கூட்டத்துக்குள்ள கைய விட்டுச்சு. அங்க உங்களப் புடிச்சுது."

அவள் கொண்டுவந்த டேப்லெட் திரையில் ஒரு மீன் கடை தெரிந்தது. கடைக்குப் பின்னால் மூக்குத்தி போட்ட ஒரு பெண். முகம் யாருடையதோ. வாயைத் திறந்தால் நான். "இந்த விலைக்கு முடியாது, வேற கடை பாருங்க" என்று யாரையோ விரட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆட்டக்காரங்க உங்களுக்கு வெச்ச பேரு வேற கடை அக்கா. எதக் கேட்டாலும் அதத்தான் சொல்வீங்க. உங்ககிட்ட ஒரே ஒரு மீன் வாங்கிடணும்னு எத்தன பேரு தவம் கெடக்கறாங்க தெரியுமா? எதிர்ல கயித்துக் கடை. அந்தக் கடைக்காரருக்கும் உங்களுக்கும் ஜோடி பொருந்துதுன்னு பொறி கண்டுபுடிச்சுது. நீங்க எதையாவது பொலம்பினா அவர் அதுக்குக் கரெக்டா பதில் சொல்றாரு. வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமா கதை வளந்து, இப்ப கல்யாணம். பொறி தேதியும் அறிவிச்சிடுச்சு."

"சரி, நடத்திட்டுப் போங்க. என்கிட்ட என்ன கேக்கற?"

"இப்ப 'சரி'ன்னு சொன்னீங்கல்ல, அது பெட்டியில இல்லக்கா." நஸ்ரின் திரையை மூடி வைத்தாள். "மணப்பொண்ணு வாயால சம்மதம் சொல்லணும். பதினோரு மணி நேரம் உங்க குரல் எங்ககிட்ட இருக்கு. பூரா தேடிட்டோம். 'சரி' இல்ல, 'ஆகட்டும்' இல்ல, 'அதுக்கென்ன'ன்னுகூட இல்ல. 'முடியாது' மட்டும் முந்நூத்திப் பன்னெண்டு தடவ இருக்கு."

எனக்குச் சுருக்கென்றது. பதினோரு மணி நேரம் வாய்க்கு வந்ததைப் பேசியிருக்கிறேன். யாரும் எழுதித் தராமல், யாரும் கேட்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் பேசியது. அதில் தப்பித்தவறிக்கூட ஒரு சம்மதம் இல்லை. என் மீதே எனக்குக் கோபம் வந்தது.

"நான் சொல்லலன்னா?"

"பதில் இல்லாத கதைய பொறி வெச்சுக்காது. மீன் கடைய எடுத்துடும். வேற கடை அக்கா அதோட போயிடுவாங்க."

"கயித்துக் கடைக்குப் பேசினது யாரு?"

"ஞானசேகர் சார்."

என் கை நின்றுவிட்டது.

ஞானசேகர் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். கூட்டத்தில் எனக்கு இடப்பக்கம் நிற்பவர். பதினைந்து வருடம் அப்படி நின்றார். மைக் முன்னால் கடல்மடை திறந்த மாதிரி பேசுவார். மைக்கை அணைத்துவிட்டால் 'டீ சாப்ட்டீங்களா' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. அந்த மனிதர் ஒரு நாள் அடுத்த வார்த்தையைச் சொல்வார் என்று நான் காத்திருந்தேன். ஆமாம், காத்திருந்தேன். இந்த வயதில் மறைத்து என்ன ஆகப்போகிறது? அவர் மட்டும் கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருக்க மாட்டேன். சங்குத்துறை வேலை முடிந்த மறுவாரமே ஒரு சொல் சொல்லாமல் கோயம்புத்தூருக்குப் போய்விட்டார்.

"முடியாது," என்றேன்.

"அது எங்ககிட்ட நெறைய இருக்குக்கா."

"விளையாடாதம்மா. அந்த ஆளு ஒத்துக்கிட்டாரா?"

"அங்கதான் எனக்கே புரியல. அவரையும் போன்ல கேட்டோம். 'அவங்க என்கிட்ட ஏற்கெனவே பதில் சொல்லிட்டாங்க, மறுபடியும் போய்த் தொந்தரவு பண்ணாதீங்க'ன்னாரு."

"நான் எப்ப என்ன சொன்னேன்? அவர் என்னிக்கு என்ன கேட்டாரு?"

நஸ்ரின் என்னை வினோதமாகப் பார்த்தாள். "நீங்க இன்னும் கேக்கவே இல்லையாக்கா? மீன் கடைக்கும் கயித்துக் கடைக்கும் நடுவுல போய் நின்னா எல்லாம் கேக்கும். ஒன்பது லட்சம் பேரு கேட்டாச்சு."

கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். அவள் காதில் மாட்டிவிட்டாள்.

சங்குத்துறைக்கு எங்கள் ஒவ்வொருவர் கழுத்திலும் தனித்தனி மைக் கட்டியிருந்தார்கள். ஆட்டக்காரர்கள் சந்தைக்குள் நடக்கும்போது ஒவ்வொரு குரலும் அதனதன் திசையிலிருந்து வர வேண்டுமாம். எங்கள் காதுகளில் ஹெட்ஃபோன் மாட்டி, அலை ஓசையையும் மேளத்தையும் அலறவிட்டார்கள். அப்போதுதான் நிஜச் சந்தை மாதிரி கத்துவோமாம். பழைய ஆட்கள் எல்லாரும் ஒரு காதைத் திறந்துதான் வைத்திருப்பார்கள். பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்டால் நமக்கும் பேச்சு வரும். நான் ஒருத்திதான் இரண்டு காதையும் இறுக்கி மூடிக்கொள்பவள். அடுத்தவர் பேச்சு காதில் விழுந்தால் என் பேச்சு நின்றுபோகும்.

முதலில் என் குரல் கேட்டது. "சிலிண்டர் தீந்துபோச்சு, இன்னும் வரல."

இடப்பக்கத்திலிருந்து அவர் குரல். "அதுக்கு எதுக்குங்க கவலை? எங்கிட்ட ஒண்ணு எச்சா இருக்குது, சாயங்காலம் கொண்டாந்து வெக்கறேன்."

எனக்கு ஞாபகம் வந்தது. அன்று மாலை நிஜமாகவே வாசலில் ஒரு சிலிண்டர் இருந்தது. ஏஜென்சிக்காரர்களுக்குத் திடீரென்று புத்தி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

"முழங்கால் வலி, படி ஏற முடியல," என்றேன் நான். "நீங்க ஏறாதீங்க, வேணுங்கறத நானே மேலருந்து எடுத்தாறேனுங்க," என்றார் அவர். "வெளிய மழை போல." "ரெண்டு கொடை வெச்சிருக்கேனுங்க." இப்படியே போனது. இருபது நாளும் நான் புலம்பியிருக்கிறேன். இருபது நாளும் அந்த மனிதர் எனக்கு மட்டும் பதில் சொல்லிக்கொண்டே நின்றிருக்கிறார். பெயரைச் சொல்லக் கூடாது என்ற விதியைக்கூட மீறவில்லை.

கடைசி நாள் பேச்சை நஸ்ரின் தனியாகப் போட்டுக் காட்டினாள்.

"நேர்ல கேக்கறதுக்கு எனக்குத் தெகிரியம் பத்தலைங்க," என்றது அவர் குரல். சுற்றிலும் நாற்பது பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். "இந்தச் சத்தத்துலதான் எனக்கு வாயே வருது. என்னையக் கட்டிக்கறீங்களாங்க?"

அடுத்த நொடியில் நான். "முடியாது, முடியாது. வேற கடை பாருங்க."

எனக்கு அந்த நிமிடம் அப்படியே நினைவில் இருக்கிறது. யாரோ கற்பனை வாடிக்கையாளரை விரட்டினேன். சும்மா விரட்டினால் குரலில் உயிர் இருக்காது என்று, இடப்பக்கம் திரும்பி, அங்கே நின்றவரைப் பார்த்து, தலையை ஆட்டி, கையையும் வீசினேன். அங்கே நின்றவர் ஞானசேகர். அவர் முகம் வாடியதைப் பார்த்து, பாவம், பசி போலிருக்கிறது என்று நினைத்தேன்.

நான் அழுதேன் என்று நஸ்ரின் கம்பெனியில் போய்ச் சொல்லியிருக்கிறாள். வாழைப்பூக் கறை கண்ணில் பட்டுவிட்டது என்றுதான் நான் அவளிடம் சொன்னேன்.

அவருக்கு இப்போது கோயம்புத்தூர் பஸ் ஸ்டாண்டில் அறிவிப்பு வேலை என்று நஸ்ரின் சொல்லியிருந்தாள். மறுநாள் காலை கோயம்புத்தூர் ரயிலில் ஏறினேன். ஏறியதிலிருந்து ஈரோடு தாண்டும் வரை, திரும்பிப் போய்விடலாமா என்ற யோசனைதான். அரக்கோணத்தில் இட்லி வாங்கினேன், சாப்பிடவில்லை.

மதியம் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்ததுமே, பதிவு செய்து வைத்த அவர் குரல் கூரையிலிருந்து இறங்கியது. "பொள்ளாச்சி, ஆனைமலை, வால்பாறை செல்லும் பயணிகள்..." ஏழு வருடத்தில் அந்தக் குரலுக்கு வயதே ஆகவில்லை. ஆளுக்குத்தான் ஆகியிருந்தது. கண்ணாடி, நரை, சட்டைப்பையில் இரண்டு பேனா. விசாரணை ஜன்னலுக்குப் பின்னால் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

"எந்த ஊருங்க?" என்றார், தலையை நிமிர்த்தாமல்.

"சங்குத்துறை."

பேனா நின்றது. நிமிர்ந்து பார்த்தார். எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். அப்புறம் மறுபடி எழுந்தார்.

"டீ சாப்ட்டீங்களா?" என்றார்.

எனக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. "அதையே எத்தன வருஷம்தான் கேப்பீங்க? வெளிய வாங்க."

வந்தார். அங்கே ஒரு வேப்பமரத்தடியில் சிமெண்டு பெஞ்சு இருந்தது. அமைதியான இடம். அங்கே உட்கார்ந்தால் இந்த மனிதரிடமிருந்து எதுவும் வராது என்று எனக்குத் தெரியும். அதனால் வால்பாறை பஸ்ஸுக்கும் உடுமலை பஸ்ஸுக்கும் நடுவே கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன். இரண்டு டிரைவர்களும் இன்ஜினை உறுமவிட்டுக்கொண்டிருந்தார்கள். கண்டக்டர் ஒருவர் காது கிழியக் கூவினார். பூக்காரி கூவினாள். எங்கேயோ ஒரு குழந்தை வீறிட்டது.

"அன்னிக்கு நான் ரெண்டு காதையும் மூடியிருந்தேன்," என்றேன். "நீங்க கேட்டது எதுவும் என் காதுல விழல. நேத்துதான் விழுந்தது."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நெசமாலுமுங்களா?"

"சிலிண்டர்கூட ஏஜென்சிக்காரன் கொண்டுவந்து வெச்சதுன்னு நெனச்சேன். இப்ப ரெண்டு காதும் தொறந்துதான் இருக்கு. அன்னிக்குக் கேட்டத இப்பக் கேளுங்க."

உடுமலை பஸ் ஹாரன் அடித்தது. அந்தச் சத்தத்துக்குள் அவர் வாய் அசைந்தது. அதில் ஒரு எழுத்தையும் நான் தவறவிடவில்லை.

"சரி," என்றேன்.

அவருக்குக் கேட்கவில்லை. "என்னங்க?" என்று காதைச் சாய்த்தார். நான் கத்தினேன். கண்டக்டர் திரும்பி, "ஏனுங்கக்கா, ஏறலீங்களா?" என்றார்.

ஒரு வாரம் கழித்துச் சாலிகிராமத்தில் ஒலிப்பதிவு. அதற்குள் நஸ்ரினுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. எனக்கு மல்லிகைப்பூ வாங்கி வந்திருந்தாள். மைக் முன்னால் போவதற்கு முன் அவளைத் தனியே கூப்பிட்டேன்.

"நான் சம்மதம்னு சொன்னா, அத இந்தக் கல்யாணத்துக்கு மட்டும்தான் போடுவீங்களா?"

அவள் கொஞ்சம் தயங்கினாள். நல்ல பெண், பொய் சொல்ல வரவில்லை. "பெட்டிக்குள்ள விழுந்துட்டா அப்புறம் பொறி இஷ்டம்தான்க்கா. வரி குடுக்கச் சம்மதம், போருக்குப் போகச் சம்மதம், யார் எது கேட்டாலும் சம்மதம். நீங்க முடியாதுன்னு சொல்லிக்கிட்டே இருந்ததாலதான் இத்தன நாள் உங்கள ஒண்ணும் பண்ண முடியல. கோபுரம் கட்டற வேலைக்கு உங்களத் தூக்கிட்டுப் போக மூணு தடவ பொறி ட்ரை பண்ணுச்சு, தெரியுமா?"

முந்நூற்றுப் பன்னிரண்டு முடியாதுகளை நினைத்து முதல் முறையாக எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த மீன்காரி பிழைத்துக்கிடந்ததே அவற்றால்தான்.

"அப்ப அந்த வார்த்தைய நான் குடுக்க மாட்டேன். வாழ்க்கையில அத ஒரே ஒரு ஆளுக்குத்தான் சொல்லியிருக்கேன். வேற ஒண்ணு தரேன். உன் பொறிக்கு அது பதிலாப் போதுமான்னு பாத்துக்கோ."

ஞானசேகர் எனக்கு இடப்பக்கம் வந்து நின்றார். நான் ஹெட்ஃபோனில் ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டேன். பேசினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நஸ்ரின் வாயைப் பொத்திக்கொண்டு குதிப்பது தெரிந்தது.

மார்கழிக்கு முன்பே எங்கள் நிஜக் கல்யாணம் பதிவாளர் அலுவலகத்தில் முடிந்தது. வந்தவர்கள் முப்பது பேர். அத்தனை பேரும் கூட்டக் கலைஞர்கள் என்பதால் மூவாயிரம் பேரின் சத்தம் இருந்தது. இரண்டு முறை ஒரு குமாஸ்தா வந்து பார்த்துவிட்டுப் போனார். படைத்தலைவருக்குப் பேசிய ஓட்டல்காரரும் மஸ்கட்டிலிருந்து வந்திருந்தார். பிறகு நடந்த பந்தியில் நஸ்ரின் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, மெதுவாக ஒரு மைக்கையும் கையெழுத்துத் தாளையும் நீட்டினாள். மனிதர் வாயில் சோற்றோடு சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

தை இரண்டாம் நாள் மாலை, நானும் அவரும் வீட்டில் திரையின் முன்னால் உட்கார்ந்தோம். சங்குத்துறையில் நிற்க இடமில்லை. கப்பல்காரர்கள், கொள்ளைக்காரர்கள், எதிரி நாட்டு வீரர்கள் எல்லோரும் ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டு வந்திருந்தார்கள். மயங்கிக் கிடந்த படைத்தலைவரைக் கட்டிலோடு தூக்கி வந்திருந்தார்கள். பந்தல் வாசலில் அவர் திடீரென்று கண் விழித்து, எழுந்து உட்கார்ந்து, நாலு வருடத்துக்குப் பிறகு முதல் வார்த்தை பேசினார். "பாயசம் இன்னும் வரல." அதற்கு எழுந்த ஆரவாரம் அடங்கவே நேரம் பிடித்தது.

பிறகு கயிற்றுக் கடைக்காரர் மீன் கடை முன்னால் வந்து நின்றார். ஏழு வருடத்துக்கு முந்தைய அதே குரலில் கேட்டார். "என்னையக் கட்டிக்கறீங்களாங்க?"

ஒன்பது லட்சம் பேரும் அசையாமல் நின்றார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், விடை தெரிந்த மனிதர், என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

மீன்காரி கூடையைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"இனிமே நீங்க வேற கடை பாக்க வேணாம்," என்றாள்.